கொடுக்கு இல்லாத தேள்

இன்று குயிலாப்பாளையத்தில் பைக் பஞ்சர். ஒட்டி முடிக்கும்வரை எதிரே இருந்த கஃபேயில் உட்கார்ந்தேன்.

சுவரில் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். எழுபதுகளில் எங்கள் மரக்காணம் உப்பளத்தில் எடுத்தது. நீண்ட முடியோடு மூன்று வெள்ளைக்காரர்கள், காலடியில் ஒரு நாய். படத்தின் ஓரத்தில், தலைமேல் உப்புக்கூடையைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை மட்டும்.

அந்தக் கையில் தேள் பச்சை குத்தியிருந்தது. கொடுக்கு இல்லாத தேள். குத்தும்போது வலி பொறுக்காமல் பாதியில் தன் கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

அம்மாவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. படையலுக்கு அவள் புடவையைத்தான் வைத்துக் கும்பிடுகிறோம்.

சர்வரைக் கூப்பிட்டேன். "ஏம்பா, இந்தப் படத்தோட மிச்சம் எங்கனா இருக்குமா?"

"ஃபிரேமுக்குப் பெருசா இருந்துச்சுங்க. ஓரத்த வெட்டித் தூக்கிப் போட்டுட்டோம்."

"அதுல முகம் இருந்துச்சா?"

"யாரோ உப்பு தூக்கற பொம்பள. சரியாப் பாக்கலீங்க."

படத்துக்குக் கீழே மூன்று பேரின் பெயர்களும் எழுதியிருக்கிறது. நாயின் பெயரும்.

அந்தப் பக்கம் காபி குடிக்கப் போகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நாய் முழுதாக இருக்கிறது. பெயர் ரோசி.