கோயிலுக்குள் சுற்றிய அத்தான்

எங்கள் மாதா கோயிலில் இறந்தவர்கள் தலைக்கு மேல்தான் இருந்தார்கள். நான் மோட்சத்தைச் சொல்லவில்லை. அதைப் பற்றி எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. கூரையில் சுற்றுகிற காற்றாடிகளைச் சொல்கிறேன்.

மற்ற கோயில்களில் இறந்தவர் நினைவாகச் சுவரில் கல் பதிப்பார்கள், பெஞ்சு செய்து கொடுப்பார்கள். எங்கள் கோயிலில் எப்போதோ ஒருவர் பினாங்கு வெயில் தாங்காமல் தன் தாயார் நினைவாக ஒரு காற்றாடி மாட்டினார். அதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கொஞ்ச நாளில் கோயிலில் ஒரு காற்றாடி ஏறிவிடும். கூரை உயரம் என்பதால் ஒவ்வொன்றும் நீளமான இரும்புக் குழாயில் தொங்கும். குழாயில் ஒரு தகடு இருக்கும். தகட்டில் இன்னார் நினைவாக என்று பெயர் பொறித்திருக்கும். பூசையில் இறந்தவர்களுக்காக மன்றாடும்போது நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் பல்லி விழப்போகிறது என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்ததும் உண்டு.

ஒரு தடவை கரண்டு வேலைக்கு வந்த சீனர், எந்த சுவிட்சு எந்தக் காற்றாடிக்கு என்று தெரியவேண்டுமே என்று, தகட்டில் பார்த்த பெயர்களை அப்படியே எழுதி சுவிட்சுக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போனார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து கோயிலில் பேச்சே மாறிப்போனது. சுவிட்சுப் பலகை பக்கத்தில் நிற்கிறவர் கோயில் பிள்ளை. கதவு திறப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். அவரிடம் போய் ஒரு அக்கா சொல்வார்:

“அண்ணே, என் மாமியாரை ஒன்னுல வைங்க. மூணுல வெச்சா தலைவலி தாங்கல.”

“உயிரோட இருந்தப்பவும் இதையேதாம்மா சொன்னே.”

இன்னொரு பக்கம், வீட்டுத் தகராறில் முகம் பார்க்காமலே செத்துப்போன அண்ணன் தம்பி இரண்டு பேர். சீனருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு பேரையும் ஒரே சுவிட்சில் கோத்துவிட்டார். ஒருவர் சுற்றினால் மற்றவரும் சுற்றியே ஆகவேண்டும். ஆண்டவர் சமாதானம் பண்ணிவைக்கிற விதமே தனி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் அத்தானும் அங்கேதான் சுற்றினார். அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். துறைமுகத்தில் லோரி ஓட்டினார். நல்ல மனிதர். கழுத்தில் சிலுவை போடாமல் லோரியைக் கிளப்பமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உள்ளே மட்டும் வரமாட்டார். அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பக்கவாசலுக்கு எதிரே இருந்த அங்சானா மரத்தடியில் சிகரெட்டோடு நின்றுகொள்வார். கூட நாலைந்து ஆம்பளைகள். பிரசங்கம் தொடங்கியதும் அக்கா என்னை அனுப்பும். நான் போய்க் கூப்பிடுவேன்.

“அத்தான், உள்ள வாங்க. அக்கா கூப்பிடுது.”

“இங்கேருந்தே நல்லா கேக்குது. நீ போ.”

எத்தனை வருஷம் போனாலும் அதே பதில்தான். நற்கருணை வாங்க மட்டும் பக்கவாசல் வழியாக வருவார். வாங்கிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அதே வாசலில் வெளியே போய்விடுவார். அக்கா அதற்காக எத்தனையோ நவநாள் ஜெபம் செய்திருக்கிறது. வீட்டில் சண்டையும் போட்டிருக்கிறது.

அத்தானின் சவப்பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவ்வளவு அழுகையிலும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: “உள்ள வந்துட்டாருடா.”

அதன்பிறகு அக்கா தன் இடத்துக்கு நேர் மேலே அத்தானுக்குக் காற்றாடி மாட்டியது. இனிமேல் கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் மனிதர் அசையமுடியாது என்று அதற்கு அவ்வளவு நிம்மதி. காற்றாடிதான் கொஞ்சம் கோளாறு. சுற்றச் சுற்ற லொடக் லொடக் என்று சத்தம் போடும். அதுவும் பிரசங்க நேரத்தில்தான் நன்றாகக் கேட்கும். ஒருநாள் அக்கா பொறுமை இழந்து மேலே பார்த்து, “கொஞ்ச நேரம் சும்மா இருக்கமாட்டீங்களா?” என்றது. ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு ஃபாதர் தன்னைத்தான் சொல்கிறது என்று நினைத்து, பிரசங்கத்தை அங்கேயே முடித்து விசுவாசப் பிரமாணத்துக்குப் போய்விட்டார். அன்று பூசை முடிந்து எத்தனை பேர் அத்தானுக்கு நன்றி சொன்னார்கள் தெரியுமா?

இப்படி இருக்கும்போதுதான் ஏர்கோண், அதாவது ஏசி, வந்தது. வயதானவர்கள் மயங்கி விழுகிறார்கள், போடத்தான் வேண்டும். குளிர் உள்ளேயே நிற்கவேண்டும் என்றால் கூரைக்குக் கீழே தாழ்வாகப் பலகை அடிக்கவேண்டும். பலகை அடிக்கவேண்டும் என்றால் காற்றாடிகள் எல்லாம் இறங்கவேண்டும். பங்குப் பேரவைக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் கேட்டார்:

“சரி, செத்தவங்களை எங்க வைக்கிறது?”

பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஒரு தம்பி வாயைத் திறந்தார். அவர் அம்மாவே எழுந்து, “உங்க தாத்தாவையாடா?” என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், அவரவர் வீட்டு ஆளை அவரவர் வந்து வாங்கிக்கொள்ளவேண்டும் என்று முடிவானது.

அந்த வாரம் கோயில் வளாகத்தைப் பார்க்கவேண்டும். “அப்பாவைக் காருல ஏத்தியாச்சா?” “காடியில கொள்ளலண்ணே, இறக்கையக் கழட்டணும்.” ஒருவர் தன் சித்தப்பாவை மோட்டாரில் குறுக்கே வைத்துக் கட்டி சுங்கை பினாங் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனார். மாமியாரை ஒன்றில் வைக்கச் சொன்ன அக்கா, வாங்கவே மாட்டேன் என்றார். “அவங்களைக் கோயிலுக்கே குடுத்தாச்சு லா. நான் எப்படி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?”

எல்லாம் இறங்கி, அத்தான் ஒருவர்தான் பாக்கி. சனிக்கிழமை காலையிலேயே அக்கா ஜெபமாலையும் சாப்பாட்டுக் காரியரும் எடுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. வங்காளதேசத்துப் பையன்கள் சாரம் கட்ட வந்து, “மக்சிக், தொலோங் லா”, அம்மா தயவு பண்ணுங்க, என்று மலாயில் கும்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து ஆளுக்கு இரண்டு இடியாப்பம் கொடுத்திருக்கிறது. எழுந்திருக்க மட்டும் இல்லை. தம்பிக்காரன் என்பதால் என்னை வரச்சொல்லி கோயில் பிள்ளை போன் போட்டார்.

“அக்கா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். நம்ம ஹால்லயே மாட்டுவோம்.”

“வீட்ல மாட்டவா நான் குடுத்தேன்? வீட்ல அந்த மனுஷன் ஒழுங்காத்தான் இருந்தாரு. உள்ள வரலன்னுதானே என் கவலை? காலம் பூராக் கூப்பிட்டேன். செத்த பெறகுதான் வந்தாரு. இப்ப நீங்கல்லாம் கமிட்டி போட்டு வெளிய தள்ளுறீங்க.”

“யாரும் தள்ளலக்கா. அது வெறும் காத்தாடி.”

“அப்ப நீ ஏன் போன வாரம் அவரைப் பாத்து ‘அத்தான், கொஞ்சம் காத்து வரட்டும்’னு சொன்னே?”

மேலே அத்தான் லொடக் என்றார்.

ஃபாதர் வந்தார். எங்கள் ஃபாதர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

“அவர் இருந்தப்ப கோயில்ல எந்த இடம் அவருக்குப் பிடிக்கும்மா?”

அக்கா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டது. சொல்லவே மனமில்லை. ஆனால் கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அதற்கு வராது.

“வெளியத்தான் ஃபாதர். மரத்தடியில.”

மரம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். பூசை முடிந்து நாசி லெமாக்கும் கோப்பியும் விற்பது அங்கேதான். பூசை நேரத்தில் ஆம்பளைகள் நின்று பேசுவதும் அங்கேதான். ஆள்தான் மாறியிருக்கிறது.

“அங்க காத்தே இல்லம்மா. எல்லாரும் வேர்த்துக் கொட்டி நிக்கிறாங்க,” என்றார் ஃபாதர்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. கடைசியாக மேலே பார்த்தது.

“அப்ப ஜெயிச்சது நீங்கதானா?” என்றது.

அது ஃபாதரிடம் கேட்டதல்ல என்று இந்தத் தடவை எல்லாருக்கும் தெரிந்தது.

எழுந்திருக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டது. கொட்டகையில் எங்கேயோ ஒரு மூலையில் மாட்டக்கூடாது. பக்கவாசல் வழியாகப் பீடம் நேராகத் தெரிகிற இடமாக இருக்கவேண்டும். அத்தான் நிற்கிற இடம் அதுதானாம். இத்தனை வருஷம் கூப்பிடப் போன எனக்கு அது தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கேயே மாட்டினோம். கூரை தாழ்வு என்பதால் குழாயை வெட்டவேண்டி வந்தது. தகட்டை மட்டும் வெட்டாமல் பார்த்துக்கொண்டோம்.

ஏர்கோண் போட்டு முதல் ஞாயிறு. ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டும், பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டும் உட்கார்ந்திருந்தோம். இறந்தவர்களுக்காக மன்றாடும்போது பழக்கத்தில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைப் பலகைதான் தெரிந்தது. கீழே பார்த்தால் அக்காவின் இடம் காலியாக இருந்தது. வாசிப்பு வரைக்கும் இருந்ததே என்று பயந்து நான் பக்கவாசல் வழியாக வெளியே போனேன்.

கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பீடத்தைப் பார்த்தபடி அக்கா உட்கார்ந்திருந்தது. மேலே அத்தான் லொடக் லொடக் என்று சுற்றிக்கொண்டிருந்தார். கொட்டகை ஆம்பளைகள் சிகரெட்டை எல்லாம் அணைத்துவிட்டு, வரிசையாக நின்று வாய்விட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படிச் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை.

“அக்கா, உள்ள வா. காணிக்கைப் பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க.”

“இங்கேருந்தே நல்லா கேக்குது. நீ போ.”

நான் உடனே போகவில்லை. ஒரு பாட்டு முடியும்வரை அதன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். காற்று நன்றாகத்தான் வந்தது.