சேலைக் கடையில் மூச்சடக்கியவர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் சேலை எடுக்கப் போன கடையில், அறுபதை நெருங்கிய ஓர் அக்கா விற்பனைக்கு நின்றார். வெயிலில் கறுத்த முகத்தில் கண்களைச் சுற்றி மட்டும் வெளிறிய வட்டம். நான் ஒவ்வொரு சேலையாகப் புரட்டி, வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் உதட்டை இறுக்கியபடி பேசாமல் நின்றார். பிறகு, ஆவி விட்ட குக்கர்போல 'புஸ்'ஸென்று மூச்சை விட்டார்.

"கோவமோ அக்கா?" என்றேன்.

"சீச்சீ! நீங்கள் சேலை பாக்கிற நேரத்திலை நான் மூச்சடக்கிப் பழகிறன், பிள்ளை. ஒவ்வொரு கோடையும் இத்தாலியிலை சிசிலித் தீவுக்குப் போறனான், தம்பி வீட்டை. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு பாறையிலையிருந்து குதிச்சு, கடலின்ரை அடிமட்டும் போவன்."

"பயமில்லையோ?"

"முதன்முதல் அகதியாய் வள்ளத்திலை வந்ததும் அந்தக் கடலாலைதான். கரை தட்டுமட்டும் கண்ணைத் திறக்கேல்லை. அவ்வளவு வடிவான கடலைப் பாக்காமல் விட்டிட்டன். அதுதான் இப்ப போய்ப் பாக்கிறன்."

சொல்லிவிட்டு, அடுத்த கட்டுச் சேலைகளை என் முன்னால் இறக்கி வைத்து, மறுபடியும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

மேலே இருந்த சேலையே எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்காமல், ஒவ்வொன்றாக, மெதுவாகப் புரட்டினேன்.