கிப்லா இல்லாத திசையில் ஒரு சுஜூது

ஹோர்ட்டன் சமவெளியின் ஈரப் புல்லில் நெற்றி படுமளவுக்குக் குனிந்து கிடந்த அந்த மனிதரின் முதுகுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி. லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. தொழும் திசையான கிப்லா மேற்கே இருக்க, அவர் சூரியன் வந்த பக்கமாக மண்டியிட்டுக் கிடந்தார். நான் பாதையிலேயே நின்றுவிட்டேன். என் மகளை எந்த வீட்டில் கொண்டுபோய்ச் சம்பந்தம் செய்யப் போகிறேன், யா அல்லாஹ், என்று மனம் கேட்டது.

அவர் அப்போது என் சம்மந்தியாராக ஆகவில்லை. அவர் மகனுக்கும் என் மகளுக்கும் பேச்சு மட்டும் நடந்துகொண்டிருந்தது. மருதமுனைக்காரர். இளமையில் கைத்தறிச் சாரன்களைச் சுமந்துகொண்டு மலைநாட்டு ஊர்களில் விற்றவர். எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பிறகு ஒரே கூரை, ஒரே சோறு. ஆகையால் கேட்டு விசாரிக்காமல் யாரும் கை கொடுப்பதில்லை. நானும் விசாரித்தேன். பையனைப் பற்றி எல்லோரும் நல்லதே சொன்னார்கள். தகப்பனைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நல்ல மனிசன்தான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். அந்த "தான்" என் வயிற்றில் முள்ளாகக் கிடந்தது.

பாடசாலை விடுமுறையில் நானும் மனைவியும் மகளும் வேன் பிடித்து நுவரெலியாவுக்குப் போவதைக் கேள்விப்பட்டு, "நானும் வாறன் தம்பி, மலைப்பூ பார்த்துக் கனகாலம்" என்று அவரே கேட்டு ஏறிக்கொண்டார். பூப் பார்க்க ஒரு வயதான மனிதர் இவ்வளவு தூரம் வருவாரா? மலையில் இவருக்கு வேறொரு குடும்பம் இருக்குமோ என்றுகூட நினைத்தேன். என் மனைவி அதற்கும் ஒருபடி மேலே போனாள். "மருந்து வேர் தேடுறாரோ, இசிம் கிசிம் எண்டு மந்திரம் செய்யிற ஆளோ, கண்ணை வெச்சுக்கிட்டு இருங்க" என்றாள். கண்ணை வைத்துக்கொண்டேதான் நடந்தேன்.

ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் பைகளை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். பனி விலகிக்கொண்டிருந்தது. புல்வெளி முழுக்கச் சிறு சிறு பூக்கள். அவர் நாலடிக்கு ஒரு தடவை பாதையோரம் மண்டியிட்டார். மூக்கு இதழில் உரசுமளவுக்குக் குனிந்து, "இது பினர, தம்பி. ஊதா இதழ், நடுவில மஞ்சள்" என்பார். "இது குடலு. எங்கட ஊர்க் காசித்தும்பைக்குச் சொந்தக்காரி." சிங்களக் கிராமங்களில் சாரன் விற்றபோது கற்ற பெயர்கள். ஒன்றையும் பறிக்கவில்லை, விரல் நுனியால் தொட்டதோடு சரி.

கிப்லாவைப் பற்றி நான் ஜாடையாகக் கேட்டபோது சிரித்தார். "சுஜூது இல்ல தம்பி. ரப்பு இவ்வளவு சின்னதாப் படைச்சதை நின்டுக்கிட்டுப் பார்த்தா விளங்குமா?"

நல்ல பதில்தான். நல்ல பதில்களை நான் லேசில் நம்புவதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் மேட்டைக் காட்டி, "அந்தா, மஹ ரத்மல் பூத்திரிக்கி! செக்கச் சிவந்த பூ, மலைக்கு அதுதான் ராணி" என்றார். நான் பார்த்தேன். புதர்க்கிளையில் யாரோ மறந்துவிட்டுப் போன சிவப்புக் கம்பளித் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ராணிக்குத் தலை மட்டும்தான் இரிக்கி போல" என்று என் காதுக்குள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூத் தெரியாமல் தெரிந்ததாக நடிக்கிறவர் வேறு எதை நடிக்கமாட்டார்?

உலக முடிவு என்று சொல்லும் செங்குத்துப் பள்ளத்தாக்கை நெருங்கியபோது பாதை கல்லும் வேருமாக ஆனது. என் மகள் ஓடிப்போய் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை, அவரும் திடுக்கிடவில்லை. பழகிய கையைப் போல அவள் கை அங்கே போய் உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அருகில் இருப்பதெல்லாம் சரியாகச் சொல்கிறார், தூரத்தில் இருப்பதைத்தான் பிழையாகச் சொல்கிறார்.

"காக்கா, கண் எப்படி?" என்று அண்ணனிடம் கேட்பதுபோல நேராகவே கேட்டேன்.

அவர் நின்றார். "மங்குது தம்பி. எங்கட வாப்பாவுக்கும் இப்பிடித்தான் வந்த. அவர்ர வாப்பாவுக்கும்."

"மகனுக்கு?"

"வரலாம், வராமலும் போகலாம். டொக்டரும் அதுக்கு மேல சொல்லல்ல. முழுசா மங்க முந்தி இந்தப் பூவெல்லாத்தையும் ஒருக்காப் பார்த்திரணும் எண்டுதான் வந்தன்." பிறகு, "மலை இறங்க முந்தி ஒங்களுக்குச் சொல்லத்தான் இருந்தன்" என்றார்.

அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும் வாப்பா. பொண் பார்க்க வந்த அண்டே, இவங்கட மகனே, அவர்ர உம்மா பக்கத்தில இருக்கக்குள்ள, சொல்லிட்டார்."

"என்னட்ட ஏன்டி சொல்லல்ல?"

"சொன்னா வேணாம் எண்டிருப்பீங்க."

ஓம், சொல்லியிருப்பேன்தான். பயணமாகையால் புல்வெளியில் பாயை விரித்து லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். அவர் சரியான கிப்லாவில், எனக்குப் பக்கத்தில் நின்றார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "சம்மதம் வாப்பா" என்றாள். பிறகு நான் மறுப்பதற்கு என்ன இருந்தது.

நிக்காஹ் நடந்தது. மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கமான பிள்ளை. ஆனாலும் அவர் சோற்றில் கல் பொறுக்கினால் பார்ப்பேன். பைசிக்கிளை மதிலில் உரசினால் பார்ப்பேன். குர்ஆனை எவ்வளவு கிட்ட வைத்து ஓதுகிறார் என்று பார்ப்பேன். இப்படி ஒரு பார்வையோடு ஒரே வீட்டில் வாழ்வது ஒரு வகை நோய்தான். அது எனக்கு வந்திருக்கிறது.

போன விடுமுறையில் மறுபடியும் அந்த மலைக்குப் போனோம். சம்மந்தியாருக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும், அவர் வரவில்லை. "பினர பூத்தா என்ன மாதிரி இரிக்கி எண்டு வந்து சொல்லுங்க தம்பி" என்று அனுப்பிவைத்தார். பனி விலகும் நேரம். நான் பின்னால் நடந்துகொண்டிருந்தேன். முன்னே போன மருமகன் திடீரென்று பாதையோரம் மண்டியிட்டு, புல்லில் நெற்றி படுமளவுக்குக் குனிந்தார். அதே முதுகு.

வாப்பாவுக்காகப் பார்க்கிறாரா, இல்லை, நின்றால் தெரியவில்லையா? நான் மேட்டைக் காட்டிக் கேட்டேன்: "மகன், அந்தா சிவப்பாத் தெரியிற என்ன?" மேட்டில் சிவப்பாக எதுவுமே இல்லை. வெறும் பச்சைதான்.

"அங்க ஒண்டுமில்ல மாமா" என்றார் அவர், பூவிலிருந்து தலையைத் தூக்காமலே.

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், அவர் பார்க்கவே இல்லையே என்று பட்டது. மறுபடி கேட்கவில்லை. மலையேறக் கொண்டுவந்த கைத்தடியை ஊன்றி மெல்ல அவர் பக்கத்தில் மண்டியிட்டேன். என் முட்டியில் ஈரம் ஏறியது. மூக்கு உரசும் தூரத்தில் ஒரு பினர, ஊதா இதழும் நடுவில் மஞ்சளுமாக. அங்கிருந்து பார்த்தால் எங்கள் இருவருக்கும் அது ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும்.