பதினான்கு அடிப் பச்சை

பொதுச் சமையற்கூடத்தின் புகைபோக்கி அறுபத்திரண்டு அடி உயரம். அதில் கீழிருந்து பதினான்கு அடிக்கு மட்டும் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏணி அவ்வளவுதான் எட்டியது. எரிவாயுவை நிறுத்திவிட்டு மரம் எரிக்கத் தொடங்கிய பிப்ரவரி மூன்றாம் தேதி, காலை பத்தேகால் மணிக்கு, மேலாளர் அந்தப் பச்சையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். மிச்சமுள்ள நாற்பத்தெட்டு அடியும் அதன் தலையிலிருந்து கிளம்பிய கரும்புகையும் படத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அளவு தெரிந்த மனிதர்.

பாய்லர்காரர் அந்தப் படத்தில் இல்லை. அவர் உள்ளே அடுப்புவாயில் கட்டை தள்ளிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழு, முதல் வகுப்பு உரிமம் வாங்கி முப்பத்தொரு வருடம். பள்ளிகள், அலுவலகங்கள், ஒரு மருத்துவமனை என்று தினம் ஐயாயிரத்து இருநூறு சாப்பாடு அந்தக் கூடத்திலிருந்து போகிறது. அத்தனையும் அவர் கட்டிக் கொடுக்கும் ஆவியில் வேக வேண்டும். அழுத்தமானியில் முள் ஏழில் நின்றால் சோறு. ஐந்துக்குக் கீழே இறங்கினால் ஊறவைத்த அரிசி.

கூடத்தில் அவருக்கு ‘வளையம்’ என்று பெயர். கட்டையை உள்ளே தள்ளும் முன் அதன் வெட்டுமுகத்தைத் துடைத்து, ஆணி நுனியால் வளையங்களை எண்ணி, சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டுத்தான் தள்ளுவார். யாரும் எழுதச் சொல்லவில்லை. எரிக்கப்போகிற பொருளின் வயது தெரியாமல் எரிப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் மேலாளர் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டார்.

“என்னய்யா இது, ஜாதகமா எழுதறே?”

“வயசு சார். இந்தக் கட்டைக்குத் தொண்ணூத்து நாலு.”

“இருந்துட்டுப் போகட்டும். மரம்ங்கறது திரும்பத் திரும்ப முளைக்கிற சரக்கு. ஒண்ணை எரிச்சா வர்ற கரியமில வாயுவை இன்னொரு மரம் உறிஞ்சிக்கும். கணக்கு நேராயிடும். பூமி சூடாகறதுல நம்ம பங்கு பூஜ்யம்.”

“எந்த மரம் சார் உறிஞ்சும்?”

“பக்கத்துல நிக்கற மரம்.”

“அதை நேத்து எரிச்சாச்சே சார்.”

பக்கத்தில் நின்றிருந்த ஸ்டோர்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

“அதான் கன்னு நட்டிருக்கோமே, நாலாயிரம்!”

“சார், இந்தக் கட்டையை எரிக்க எனக்குப் பதினாறு நிமிஷம் போதும். அதுக்குள்ள இருக்கறது தொண்ணூத்து நாலு வருஷமா காத்துலேர்ந்து இழுத்து வச்ச கரி. கன்னு அதைத் திரும்ப இழுத்து முடிக்கிற வரைக்கும் நீங்க மேனேஜரா இருப்பீங்களா?”

மேலாளர் மணியைப் பார்த்தார். பதில் இல்லாதபோதெல்லாம் அவருக்கு ஒரு கூட்டம் இருக்கும்.

அந்த நாலாயிரம் கன்றுகளையும் பாய்லர்காரர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செலவழித்து எண்ணிப் பார்த்தார். உயிரோடு இருந்தவை முந்நூற்றுப் பதினொன்று. எல்லாவற்றிலும் உயரமானது அவர் முழங்காலுக்கு வந்தது. ஒன்றை ஆடு தின்றுகொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் முந்நூற்றுப் பதினொன்று.

எரிபொருளும் காகிதத்தில் வேறு விதமாக இருந்தது. ‘எரிபொருள்: கிளை கழித்த சுள்ளிகளும் மர அறுவை ஆலைக் கழிவுகளும். பருமன் நான்கு அங்குலத்துக்குள்.’ உண்மையில் வாரம் ஒரு லாரி முழு மரம் வந்து இறங்கியது, அவர் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னாலிருந்த மலைச்சரிவிலிருந்து. ஓட்டி வந்தவன் அவருடைய மனைவியின் தம்பி.

“மாமா, நான் ஏத்தலேன்னா இன்னொருத்தன் ஏத்திட்டுப் போவான்” என்றான் மைத்துனன், கயிற்றை அவிழ்த்தபடி.

“அந்த இன்னொருத்தனைத்தான் மாப்ளே முப்பது வருஷமா தேடறேன். ஊர்ல நடக்கற அத்தனை தப்பையும் அவன் தலையில கட்டறாங்க. ஒருநாளாவது கண்ணுல படறானா?”

சரிவின் கீழ்ப்பாதி மொட்டையானது. அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி மாலை நாற்பது நிமிடம் கொட்டிய மழையில் அங்கிருந்து சேறு இறங்கி அவர் வீட்டுச் சமையலறைக்குள் வந்தது. சுவரில் பதினோரு அங்குலம். அவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி வாளியோடு நின்று கத்தினாள்: “அளந்தது போதும், அள்ளுங்க!” அள்ளினார்.

மேல்பாதி மிச்சமிருந்தது. அதில் இருநூற்று நாற்பது மரங்களில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டுவிட்டார்கள். சமையற்கூடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு மர ஒப்பந்தம் கையெழுத்தாகும், மேல்பாதியும் போகும். அதன் பிறகு வரும் மழைக்குப் பதினோரு அங்குலம் போதாது. தெருவில் நாற்பத்தாறு வீடுகள்.

அத்தனை மரம் வேண்டியதே இல்லை என்பதுதான் அவர் வயிற்றெரிச்சல். தினம் போகும் ஐயாயிரத்து இருநூறு சாப்பாட்டில் தொள்ளாயிரம் தொடப்படாமல் திரும்பி வந்து பின்பக்கக் குழியில் அழுகியது. அழுகும்போது கிளம்பும் வாயு கரும்புகையைவிட மோசமாகப் பூமியைச் சூடாக்கும் என்று எங்கோ படித்திருந்தார். எரிகிற மரத்தில் தினம் இருநூற்றெட்டு கிலோ யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கு. இதையும் எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

“தொள்ளாயிரத்தைக் குறைக்கலாம் சார்.”

“குறைச்சா நாம பெரிய கூடம்னு எப்படிச் சொல்லிக்கறது? போன வருஷம் ஐயாயிரம். இந்த வருஷம் ஐயாயிரத்து இருநூறு. வளர்ச்சிய்யா!”

குழியும் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

சான்றிதழுக்கு ஒரு சிக்கல் இருந்தது. எரிபொருள் அறிக்கையில் உரிமம் பெற்ற பாய்லர்காரர் கையெழுத்துப் போட வேண்டும். உரிம எண்ணும் வேண்டும். மேலாளர் மூன்று முறை கேட்டுப் பார்த்தார், முதல் முறை தேநீரோடு. “படிச்சுப் பார்த்துப் போடறேன் சார்” என்று மூன்று முறையும் இவர் படித்தார். போடவில்லை.

“சரி, ஆய்வாளர் நேர்ல வந்து பார்க்கட்டும். அவங்க முன்னாடி போடாம எங்க போவே?” என்றார் மேலாளர்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஆய்வு. எட்டாம் தேதி மத்தியானம் சாலையோர மரங்களில் பச்சைச் சுள்ளிகளாக வெட்டி வந்து முற்றம் நிறைய அழகாக அடுக்கினார்கள். பெரிய கட்டைகளை ஓரமாகத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். யானையை மூடிய மாதிரி இருந்தது.

“நாளைக்கு இந்தச் சுள்ளியை மட்டும்தான் எரிக்கணும். ஒரு கட்டை உள்ள போகக்கூடாது” என்றார் மேலாளர்.

“பச்சைச் சுள்ளி சார். புகைதான் வரும், ஆவி கட்டாது.”

“முப்பத்தொரு வருஷ அனுபவம்னு பீத்திக்கறே, ஒருநாள் சமாளிக்கத் தெரியாதா? ஒரு கட்டை போகக்கூடாது. என்ன, எழுதிக் கொடுக்கணுமா?”

“எழுதிக் கொடுங்க சார்.”

கோபத்தில் இருந்த மேலாளர் நிஜமாகவே எழுதிக் கொடுத்தார். தேதி, நேரம், கையெழுத்து, முத்திரை. இத்தனை வருடத்தில் அவர் முழுதாகப் பூர்த்தி செய்த ஒரே காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் பாய்லர்காரர் ஐந்து மணிக்கே வந்தார். தலைமைச் சமையல்காரம்மாவிடம், “ஆஸ்பத்திரி சாப்பாட்டை முதல்ல ஏத்தும்மா, ஒம்பதரைக்குள்ள” என்றார். நோயாளிகளை இதில் இழுக்க அவருக்கு இஷ்டமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பதினொன்று இருபதுக்குள் நல்ல கட்டை உள்ளே போனால் முக்கால் மணி நேரத் தாமதத்தோடு தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுத் தானே கட்டையை எடுப்பது என்றும் முடிவு செய்திருந்தார். பிள்ளைகள் பட்டினி கிடந்து காப்பாற்றுகிற காடு அவருக்கு வேண்டாம்.

பத்து மணிக்கு முள் ஆறரை. பத்தரைக்கு ஐந்தேமுக்கால். சுள்ளிகள் உஸ்ஸென்று நுரை கக்கின. ஆய்வாளர் அம்மா பதினொன்றுக்கு வந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுள்ளி அடுக்கைப் பார்த்து, “நல்லாப் பராமரிக்கறீங்க” என்றார். மேலாளர் குனிந்து குழைந்தார். அறிக்கையையும் பேனாவையும் எடுத்துப் பாய்லர்காரரிடம் நீட்டினார்.

அப்போது கூடத்திலிருந்து சமையல்காரம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

“அண்ணே! என்ன பண்ணிட்டிருக்கீங்க? பள்ளிக்கூட அரிசி கல்லு கல்லா கிடக்கு! வண்டிக்காரன் வாசல்ல ஹாரன் அடிக்கறான்!”

முள் நாலேகாலில் நின்றது. மணி பதினொன்று எட்டு.

“ஆவியை ஏத்துய்யா!” என்று பல்லைக் கடித்தார் மேலாளர்.

“ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன் சார், இருக்கறதை வச்சு.”

“கட்டையைப் போடு!”

“எந்தக் கட்டை சார்?” பாய்லர்காரர் அறிக்கையை விரித்துக் காட்டினார். “நாலு அங்குலத்துக்கு மேல இங்க ஒண்ணும் கிடையாதுன்னு எழுதியிருக்கே. அதுக்குத்தான கையெழுத்துப் போடச் சொல்றீங்க?”

பதினொன்று பன்னிரண்டு. ஹாரன் விடாமல் அலறியது. “என் மானத்தை வாங்காதீங்கடா பாவிங்களா, புள்ளைங்க தட்டைத் தூக்கிட்டு நிக்கும்!” என்று சமையல்காரம்மா யாரென்று பார்க்காமல் திட்டினார். பாய்லர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம்தான் பாக்கி.

பதினொன்று பதினைந்துக்கு மேலாளர் தாங்க மாட்டாமல் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தார். வெள்ளைச் சட்டையோடு ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்து, உருட்டி, மூச்சு வாங்க, ஆய்வாளர் அம்மாவின் காலடி வழியாகவே தள்ளிக்கொண்டு வந்தார். பாய்லர்காரர் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டார். அன்று வளையம் எண்ணவில்லை; நேரமில்லை. பன்னிரண்டுக்கு முன் முள் ஏழைத் தொட்டது. பிள்ளைகள் நாற்பத்திரண்டு நிமிடம் தாமதமாகச் சாப்பிட்டார்கள்.

ஆய்வாளர் அம்மா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அடுத்த கட்டையை அளந்தார். பத்தொன்பது அங்குலம்.

“மூடியே வச்சிருக்கக்கூடாதா சார்?” என்றார் மேலாளரிடம், நிஜமான வருத்தத்தோடு. “எத்தனை இடத்துல தார்ப்பாய் பார்த்திருக்கேன், ஒருநாளும் தூக்கினதில்லை. இப்ப பார்த்துட்டேனே. பார்த்ததை எழுதாம விட்டா என் வேலை போயிடும்.”

நேர்மை என்பது சிலருக்கு இப்படித்தான் விபத்தாக நேர்கிறது.

சான்றிதழ் வரவில்லை, ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. சமையற்கூடம் மறுபடி எரிவாயுவுக்குப் போனது. அதுவும் யோக்கியமான சரக்கு இல்லை என்று பாய்லர்காரருக்குத் தெரியும். ஆனால் அதை எரிப்பது புண்ணியம் என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதனால் அதை மிச்சம் பிடிக்கவாவது தோன்றுகிறது. மைத்துனன் ஐந்து வாரம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆறாவது வாரம் வந்தவன் அக்காவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனான்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி மேலாளர் பாய்லர்காரரைக் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப மறுமுறையீடு தயாராகியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் காரணம் சொல்லியிருந்தார்கள்: ‘காலநிலை மாற்றத்தால் ஆய்வுக்கு முந்தைய வாரம் எதிர்பாராத கனமழை பெய்து சுள்ளிகள் நனைந்துவிட்டதால், தவிர்க்க முடியாத நிலையில், ஒரே ஒருமுறை...’

“இதுலயாவது போட்டுத் தொலை.”

“அந்த வாரம் ஒரு சொட்டு மழை இல்லையே சார்.”

“பெஞ்சிருந்தா உனக்கு என்னய்யா நஷ்டம்?”

“வீட்டுக்குள்ள சேறு வந்திருக்கும்” என்றார் பாய்லர்காரர். பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, ஆவி இறங்கியிருக்குமே என்று வேகமாகப் படியிறங்கினார்.