கணவாய்க் கண்ணுக்கு நாற்பத்திரண்டு புள்ளி

எனக்கு வந்த ஒரே காதல் கவிதையைச் சிவப்புப் பேனாவால் திருத்தி, நூற்றுக்கு நாற்பத்திரண்டு புள்ளி போட்டு, எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அப்போது மருதனார்மடத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வல்வெட்டித்துறையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டி நின்றபோதெல்லாம் அதைக் கிளப்பித் தந்தவர், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒருநாள் ஸ்கூட்டியின் சீற்றைத் திறந்தால், மழைக்கோட்டுக்கு மேலே எண்ணெய்க் கறையோடு ஒரு கொப்பித்தாள்.

கண்ணே, உன் கண்கள் கணவாய்க் கண்கள்
கண்டதும் நெஞ்சில் கலக்கங்கள்
பெண்ணே, நீ போனால் பேரிடி விழும்
மண்ணெண்ணெய் தீர்ந்த மோட்டரும் அழும்

எதுகையில் குறை சொல்ல முடியாது. நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ‘ண்’. கடைசி அடி எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் கணவாயா? முட்டைகூட ஏறாத வீடு எங்களுடையது. சந்தையில் வழவழவென்று குவிந்து கிடக்கும் கணவாய் மீனைத்தான் நான் கண்டிருக்கிறேன், அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு. ‘மோனைக்காக உவமையைப் பலி கொடுத்துள்ளீர்’ என்று எழுதினேன்.

அவர் கையைத் துடைத்துவிட்டு அதை வாசித்தார்.

“மோனை எண்டால் என்ன, ரீச்சர்?”

“சொற்கள் ஒரே எழுத்திலை தொடங்கிறது. அதுக்காகத்தானே கணவாயைப் போட்டனீங்கள்?”

“இல்லை. உயிரோடை இருக்கிற கணவாயின்ரை கண்ணைப் பாத்திருக்கிறியளோ?”

“இல்லை.”

“பாக்காமல் என்னெண்டு புள்ளியைக் குறைச்சனீங்கள்?”



சனிக்கிழமை, மேலதிக வகுப்பு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனேன். அவர் கடல்நீர் நிரப்பி வைத்திருந்த வாளிக்குள் கணவாய் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றிப் பச்சையும் பொன்னும் ஓடின. நடுவில் கருங்கோடு ஒன்று நெளிந்து கிடந்தது. இவ்வளவு அழகான ஒன்றை எனக்கு உவமையாகச் சொல்லியிருக்கிறாரே என்று வெட்கமாகப் போய்விட்டது. நன்றாகப் பார்க்கக் குனிந்தேன். அது என் மஞ்சள் சேலையில் மையைப் பீச்சியது.

தாளை வாங்கி, புள்ளியை வெட்டிவிட்டு, ‘உவமை சரி’ என்று எழுதினேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

“சேலையிலை என்ன?” என்றார் அம்மா.

“மை.”

“என்ன மை?”

சொன்னேன். மூன்று மாதம் வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. கல்யாணத்துக்கும் அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். பந்தியில் மாப்பிள்ளையின் தாயாருக்குப் பக்கத்தில் அமர்ந்து, சாம்பாரில் உப்பில்லை என்றார். அந்தத் தாயாரும் “ஓம், புளியும் காணாது” என்றார். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம். இப்போது இருவரும் சேர்ந்து எங்களைக் குறை சொல்கிறார்கள்.