எந்த மருந்து என்று துப்பறிந்த இரண்டு அப்பன்கள்

கண்ணுகளா, பெரியவள் இதைப் படித்தால் என்னை அடிக்க வருவாள். ஏனென்றால் இது, பிறந்த வாரத்தில் அவள் ஒண்ணுக்குப் போன கதை. போகாமல் எங்களைப் படுத்திய கதை என்றும் சொல்லலாம். சின்னவன் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அவன் கதையும் என்னிடம் இருக்கிறது.

பெரியவள் மாசம் நிறையும் முன்பே அவசரமாகப் பிறந்துவிட்டாள். கோத்தகிரியிலிருந்து ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். ஆபரேஷன் முடிந்து உங்கள் அம்மா கீழ் வார்டில் படுத்திருந்தாள். இவள் மாடியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சூட்டுப் பெட்டிக்குள், உடம்பெல்லாம் ஒயரோடு கிடந்தாள்.

"குழந்தைக்கு பிரஷர் சரியில்லைங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்குத் தெரிந்து பிரஷர் எங்கள் டீ ஃபேக்டரி மேனேஜருக்குத்தான் உண்டு. "பொறந்து ஒரு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள யார் மேலங்க கோவம்?" என்றேன்.

"கோவம் வந்தாத் தேவலைங்க. இவளுக்குக் குறைஞ்சு போயிருக்கு. இப்படியே இருந்தா மூளைக்கும் கிட்னிக்கும் ரத்தம் போய்ச் சேராது."

கண்ணாடிப் பக்கம் திரும்பி இவளைப் பார்த்தேன்.

அவரே நிதானமாகச் சொன்னார். "இதுக்கு ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு ரத்தக் குழாயை இறுக்கும். இன்னொண்ணு இதயத்தை நல்லா வேலை செய்ய வைக்கும். ரெண்டையும் ரொம்ப காலமாக் குடுத்துட்டுத்தான் இருக்கோம். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு எது மேல்னு உறுதியாத் தெரியலை. அதனால ஒப்பிட்டுப் பாக்கறோம். எந்தக் குழந்தைக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. ஆபத்துன்னா எந்த மருந்துன்னு உடனே பிரிச்சுப் பாத்து மாத்திருவோம். சம்மதம்னா இதுல கையெழுத்துப் போடுங்க, இஷ்டமில்லைன்னா வேண்டாம்னு சொல்லுங்க. வைத்தியம் ஒண்ணும் குறையாது."

கீழே ஓடி அம்மாவிடம் கேட்டேன். "தெரியலைன்னு வாய் விட்டுச் சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன். நம்பிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

பக்கத்துப் பெட்டியில் இன்னொரு குழந்தை. ஆண் குழந்தை, அதே பிரஷர், அதே ஒப்பீடு. அவன் அப்பா தேவர்சோலைப் பக்கம் இஞ்சி போடுகிறவர், என்னைவிட இளையவர். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதில் நாங்கள் சிநேகிதர்கள் ஆனோம்.

"சேட்டா, என் மோனுக்கு ஒரு மருந்து, உங்க மோளுக்கு மத்தது. எது எதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். எனக்கும் அதே அரிப்பு.

முதலில் மருந்து ஏறும் சிரிஞ்சுகளை உற்றுப் பார்த்தோம். இரண்டிலும் தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது. அப்புறம் நர்ஸிடம் நைசாகக் கேட்டேன். "சிஸ்டர், குழாயை இறுக்கற மருந்துன்னா பாப்பா கொஞ்சம் வெளுப்பாத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் கண்ணாடி பூரா மூக்குச் சளி ஆக்கி வெச்சிருக்கறது நல்லாத் தெரியுது."

மருந்து கலக்கிற தம்பிக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டோம். அவரை டீக்கடையில் மடக்கி, சூடான வர்க்கி பிஸ்கட்டாக வாங்கி வைத்தோம். அவரும் வஞ்சனை இல்லாமல் தின்றார். துகளைக்கூட விரலால் ஒற்றி எடுத்தார். கடைசியில் எழுந்து, "வர்க்கி அருமைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெஷினில் பிரஷர் நம்பர் ஏறினால் குதிப்போம், இறங்கினால் உட்காருவோம். டாக்டரம்மா பார்த்துவிட்டார். "நம்பரையே பாக்காதீங்க. ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க. கிட்னிக்கு ரத்தம் போனாத்தான் அது வரும்."

அதுமுதல் இரண்டு ஆம்பளைகளும் இரண்டு இடுப்புத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் போனது அவன்தான். அதுவும் எப்படி! நர்ஸ் துணி மாற்றக் குனிந்த நேரம் பார்த்து, நேராக அவர் முகத்துக்கு. தேவர்சோலைக்காரர் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "கண்டோ சேட்டா! என் மருந்து ஜெயிச்சு!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இவள் பெட்டியை எட்டிப் பார்த்தேன். இவள் துணி காய்ந்தே கிடந்தது. மத்தியானம் ஆயிற்று, அப்போதும் காய்ந்தே கிடந்தது. நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"அந்தப் பையனுக்குப் போடற மருந்தையே எம் புள்ளைக்கும் போட்டுருங்க."

"இவளுக்கும் அதேதான் போயிட்டிருந்தா?"

"அதெப்படிங்க? அவனுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணுதானே?"

"யார் சொன்னா? ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக் குலுக்கிப் போடறது. ரெண்டு பேருக்கும் ஒரே மருந்தே வந்திருக்கலாம். அவன் உடம்பு வேற, இவ உடம்பு வேற. ரெண்டு குழந்தைய வெச்சு மருந்தை எடை போட முடியும்னா, நாங்க ஏன் இத்தனை பேரைப் பாக்கறோம்? இவளுக்கு பிரஷர் மெதுவா ஏறிட்டுத்தான் இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

திரும்பி வந்து தேவர்சோலைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப நாம வர்க்கி வாங்கிக் குடுத்தது?"

"அது அந்தத் தம்பி ஜெயிச்சது."

யாருக்கு எந்த மருந்து போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மஞ்சு மூட்டம் இறங்கி ஜன்னலை மூடிய நேரம். நர்ஸ் இவள் துணியை எடுத்தார், தராசில் வைத்தார். துணியை எடை பார்த்துத்தான் எவ்வளவு போனது என்று கணக்கெடுப்பார்கள். எங்கள் பக்கம் திரும்பி, அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினார். ஈரம்!

தேவர்சோலைக்காரர் விசில் அடித்தே விட்டார். வாட்ச்மேன் திட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவரைத் தாண்டி நான் படியிறங்கி ஓடினேன். வார்டு வாசலிலிருந்தே கத்தினேன், "போயிட்டா! ஒண்ணுக்குப் போயிட்டா!" வார்டே திரும்பிப் பார்த்தது.

உங்கள் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கேட்டாள்.

"எவ்வளவுங்க?"

அதைக் கேட்க மறந்திருந்தேன்.

"ஏனுங்க, அதைக்கூடக் கேக்காமயா வந்தீங்க? போங்க, போய்க் கேட்டுட்டு வாங்க!"

மறுபடியும் மாடிக்கு ஓடினேன்.