துண்டுக்கு அடியில்

என் மாமாவுக்கு மாட்டுத்தரகு. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இருவர் வலக்கைகளையும் ஒரு துண்டால் மூடி, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேசி முடிப்பார்கள். பாவூர்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் மாமா என்னையும் ஒரு வியாபாரியாக மதித்துத் துண்டைப் போடுவார். நான் எந்த விரலைப் பிடித்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். எட்டு வயதில் எனக்கிருந்த ஒரே கௌரவம் அதுதான்.

சாரல் தொடங்கிய ஒரு நாள், அவருடைய நடுவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். "பிடிச்சிட்டியா, இல்லியா?" என்று கேட்டார். துண்டை விலக்கினேன். மாட்டுக்கயிறு அறுத்த புண். விரல் நுனி கறுத்து, வாடை அடித்தது.

"ஏட்டி, அத்தைட்ட சொல்லிராத. ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா. குத்தாலத்துத் தண்ணி மூலிகைத் தண்ணில்லா, நாலு குளி குளிச்சா ஆறிரும்."

மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையைத்தான் மறப்பாரே தவிர, அல்வாவை மறந்ததில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. மாமா தினமும் குற்றாலம் ஐந்தருவிக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் பிதற்றினார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் மேலே ஏறியிருந்தது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முந்தி வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

புண் ஆறியதும் மாமா சந்தைக்குப் போனார். துண்டுக்கடியில் இடக்கையை நீட்டினால் யார் பிடிப்பார்கள்? மதியமே திரும்பிவிட்டார். என்னைக் கூப்பிட்டு, இல்லாத கையின் மேல் துண்டைப் போட்டார். உள்ளே துழாவினேன். வெறுங்காற்று.

"நடுவெரலத்தான பிடிக்கே? மெல்லப் பிடிட்டீ, வலிக்கி. வெரலு இருந்தவரைக்கும் நீ பிடிச்சது ஒண்ணும் தெரியல."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. போன விரல் அப்படி வலிக்கும் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அத்தை அவரை விடாமல் கேட்டாள்: "இத்தன நாளு புண்ண ஒருத்தர்ட்டகூடவா காட்டல?"

"ஒருத்தர்ட்டயும் காட்டல," என்பார் மாமா. கடைசிவரை அதையேதான் சொன்னார்.

பக்கத்திலேயே நிற்பேன். ஒன்பது நாள் ரகசியம் காத்தவள் நான். என் பேரைச் சொல்லாமல் விடுகிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபமாக வரும்.